தமிழ் இசைத்தட்டு மீட்பு

தமிழ் இசைத்தட்டு மீட்பு என்பது, 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அரக்குத் தட்டுகளில் வெளிவந்து, பின்னர் மறக்கப்பட்ட தமிழ்ப் பாடல் பதிவுகளைத் தேடியெடுத்து, அடையாளம் கண்டு, எண்ணிம வடிவில் பாதுகாக்கும் பணியாகும். நாடகப் பாடல்கள், பக்திப் பாடல்கள், தேசியப் பாடல்கள், நகைச்சுவை உரையாடல்கள் எனப் பலவகைப் பதிவுகள் இதில் அடங்கும். இவற்றுள் பல, பிற்கால நெடுந்தட்டுகளிலோ ஒலிநாடாக்களிலோ மறுபடி வெளியிடப்படவில்லை.

பின்னணி

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு 1902-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. தொடக்கத்தில் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அனுப்பப்பட்டுத் தட்டுகளாக அச்சிடப்பட்டன. 1908-இல் கொல்கத்தா சியால்தாவில் ஆலை அமைந்தது. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே பாட முடியும். 1925-க்கு முன்பு ஒலிவாங்கி இல்லை. பாடுபவர் ஒரு பெரிய புனலின் முன் நின்று உரத்துப் பாட வேண்டும்.

தட்டில் மட்டும் எஞ்சிய குரல்கள்

செங்கோட்டையைச் சேர்ந்த நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், 30 வயதை எட்டும் முன்பே காலமானார். தமிழில் பேசும்படம் 1931-இல் வந்துவிட்டபோதிலும் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. எனவே அவர் குரலை இன்று கேட்பதற்கு இசைத்தட்டுகளே வழி. அவர் பெயராவது நிலைத்தது. அவருக்கு முந்திய தலைமுறையில் பதிவு செய்த சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி போன்ற பெண் கலைஞர்களை அவரவர் ஊரிலேயே அறிந்தோர் குறைவு. கோயம்புத்தூர் தாயியின் தட்டுகளோ கடல் கடந்து ஒலித்தன. அவற்றைக் கேட்டு வியந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், அவருடைய பதிவு ஒன்றைத் தழுவி 'ராகமாலிகா' என்னும் படைப்பை ஆக்கினார்.

அடையாளம் காணுதல்

தட்டு கிடைத்துவிட்டாலே பதிவு மீண்டுவிட்டது என்று கொள்ள முடியாது. பாடியவர் யார், எப்போது பாடினார் என்று தெரியாவிட்டால் அது பெயரற்ற ஒலியாகவே நிற்கும். இதற்கு மூன்று தடயங்கள் உதவுகின்றன.

1. நடுவிலுள்ள ஒட்டுத்தாளில் அச்சிட்ட பெயரும் பட்டியல் எண்ணும்.
2. ஒட்டுத்தாளை அடுத்து, தட்டிலேயே பொறிக்கப்பட்ட பதிவு எண். ஒட்டுத்தாள் கிழிந்தாலும் இது அழியாது.
3. தொடக்ககாலப் பதிவுகள் பலவற்றின் முடிவில் கலைஞர் தம் பெயரைத் தாமே சொல்லும் அறிவிப்பு.

சுழல்வேகமும் கவனிக்கத்தக்கது. பழைய தட்டுகள் அனைத்தும் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் கூடினால் சுருதியும் கூடும். ஆகவே ஒருவர் எத்தனை கட்டையில் பாடினார் என்பதைத் தட்டை மட்டும் கேட்டு உறுதிசெய்ய இயலாது.

மீட்பு முயற்சிகள்

இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990-இல் மும்பையில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் 'யங் இந்தியா', 'ஓடியன்' ஆகிய முத்திரைகளின் தட்டுகள் எண்ணிம வடிவாக்கப்பட்டன. ஓடியன் தட்டுகள் தமிழுக்கு நெருக்கமானவை. ஏ. வி. மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களில் அவற்றை விற்றது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இசைத்தட்டுகள் பாதுகாக்கப்படுகின்றன.

பதிப்புரிமை

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை தொடர்கிறது. எனவே பழைய தட்டு என்பதாலேயே அதை எவரும் வெளியிடலாம் என்று கருதக்கூடாது.

வீட்டில் கிடைக்கும் தட்டுகள்

பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் தட்டுகள் இன்றும் கிடைக்கக்கூடும். சேர்வராயன் மலையில் ஏற்காடு, வாழவந்தி போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் அவற்றில் பூஞ்சை படியும் வாய்ப்பு உண்டு. கீழ்க்காண்பவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

* ஸ்பிரிட் கொண்டு துடைக்கக் கூடாது. அது அரக்கைக் கரைத்துவிடும்.
* படுக்கையாக அடுக்காமல், புத்தகம் போல் நிமிர்த்தி வைக்க வேண்டும்.
* பழைய எஃகு ஊசியால் திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் தட்டின் வரிப்பள்ளம் தேயும்.
* ஒட்டுத்தாளையும் பொறித்த எண்ணையும் படமெடுத்து வைக்க வேண்டும். தட்டு உடைந்துபோனாலும், இப்படியொரு பதிவு இருந்தது என்பதற்கு அந்தப் படமே சான்றாகும்.