ஐரோப்பா போக நகையை அடகு வைக்க வேண்டாம்!



'வெளிநாட்டுச் சுற்றுலா எல்லாம் நம்ம மாதிரி நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுமா?' என்று ஒரு சகோதரி இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். கட்டும். ஆனால் கணக்கு நோட்டு நம் கையில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் நானும் என் கணவரும் பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தோம். அதற்குப் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இவர் ஓய்வு பெறும் வருஷம் எங்காவது தூரமாகப் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. வீட்டுச் செலவில் மிச்சம், என் தையல் வருமானம் இரண்டையும் சேர்த்து மாதம் 8,000 ரூபாய் வீதம் நாலு வருஷம் ஆர்.டி. கட்டினேன். வட்டியோடு நாலு லட்சத்து நாற்பதாயிரம் போல வந்தது.

அந்தச் சமயம் ஒரு டூர் விளம்பரம் வந்தது. 'பத்து நாளில் ஏழு நாடு, தலைக்கு 1,90,000 மட்டும்!' இவருக்கு ஒரே சந்தோஷம். 'நம்ம பணத்துக்குள்ளேயே முடிஞ்சிடும் போலிருக்கே' என்றார். நான் பொடி எழுத்தில் இருந்ததை எல்லாம் படித்து ஒவ்வொன்றாக எழுதினேன். விசா தனி. இன்சூரன்ஸ் தனி. மதியச் சாப்பாடு தனி. பனிமலை ஏறத் தனி. டிப்ஸ் தனி. டூர் கிளம்புவது மும்பையிலிருந்து, அங்கே போய் வர டிக்கெட்டும் நம் செலவு. இதோடு வரியும் சேர்ந்து, இரண்டு பேருக்கும் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது!

'குறையற பணத்தை ரிட்டயர்மெண்ட் பணத்துல எடுத்துக்கலாமே' என்றார் என் நாத்தனார். 'இல்லேன்னா நகை மேல கடன் வாங்கிக்கலாம்' என்றார் இவர். நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. 'ஏங்க, அந்தப் பணம் நாளைக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் படுத்துட்டா பார்க்கிற பணம். அதைத் தொட்டுத்தான் போகணும்னா எனக்கு ஐரோப்பாவே வேண்டாம்' என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் இவரே நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாங்களே திட்டம் போட்டோம்.

முதலில் ஏழு நாட்டை மூன்றாகக் குறைத்தோம். ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் பணம், நேரம் இரண்டுமே போகும். மாதத்திலும் கவனம் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே கூட்டம், எல்லாமே விலை அதிகம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்கள் செப்டம்பர், அக்டோபரில் போகலாம்.

விசா: இந்த மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் கட்டிய பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். பாங்க் கணக்கில் திடீரென்று பெரிய தொகையைப் போட்டுக் காட்டினால் கேள்வி வரும்; சிறுகச் சேர்த்த பணம்தான் நம்பிக்கை தரும்.

பணம்: யூரோ அப்போதே நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. அன்றைய விலையோடு பத்து ரூபாய் கூட்டித்தான் ஒவ்வொரு கணக்கும் போட்டேன். சுவிட்சர்லாந்தில் ஃப்ராங்க், அது இன்னும் விலை கூட. கடையில் கார்டு போடும்போது 'ரூபாயிலா, யூரோவிலா?' என்று மெஷின் கேட்கும். அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைதான்.

சாப்பாடு: அடுப்படி உள்ள அறையாகப் பார்த்து எடுத்தோம். சின்ன எலக்ட்ரிக் குக்கர், அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போனேன். காலையில் அறையில் கொடுக்கும் ரொட்டி, இரவு நம் சாதம். மதியம் மட்டும்தான் வெளியில். பால்கோவா, நெய், பால் பவுடர், பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் எடுத்துப் போகாதீர்கள். அங்கே அனுமதி கிடையாது. நம் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். ரோமில் தெருவுக்குத் தெரு நல்ல குடிநீர்க் குழாய் ஓடுகிறது. பிரான்ஸ் ஓட்டல்களில் சாப்பிடுகிறவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள், கேட்டால் போதும்.

பார்க்கும் இடம்: பாரிஸில் நோத்ர தாம் தேவாலயம், ரோமில் புனித பேதுரு பேராலயம் இரண்டும் இலவசம். வத்திக்கான் மியூசியம் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம், ஆனால் விடியற்காலையே வரிசையில் நிற்க வேண்டும். பாரிஸ் லூவ்ர் மியூசியத்துக்கு நாங்கள் போனபோது 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 ஆக்கிவிட்டார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்தான். சுவிட்சர்லாந்தில் எல்லோரும் போகும் யுங்ஃப்ராவ்யோக்குக்குப் பதில் ரீகி மலைக்குப் போனோம். ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் வாங்கிய சுவிஸ் டிராவல் பாஸிலேயே அந்த மலை ரயிலும் அடங்கிவிடுகிறது. மேலே நின்றால் ஏரியும் பனிமலைகளும் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தெரியும்.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு கவர் போட்டு, தினமும் இரவு செலவை எழுதிவிட்டுத்தான் படுப்போம். எல்லாம் முடிந்து ஊர் திரும்பியபோது செலவு நாலு லட்சத்துப் பதினைந்தாயிரம். மிச்சப் பணத்தை அடுத்த ஆர்.டி.க்கு முதலாகப் போட்டாயிற்று. நகை பீரோவில், ஓய்வுப் பணம் பாங்கில், அப்படியே இருக்கிறது.

எனவே சகோதரிகளே, ஆசைப்படுவதில் தவறே இல்லை. முதலில் ஆர்.டி., பிறகு ஊர், கடைசியில் டிக்கெட் என்று வரிசையை மாற்றாமல் போனால், ஐரோப்பா நமக்கும் எட்டும் தூரம்தான்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.