நரம்பும் சுரப்பியும்: பேர்த்தா ஷாரர் அம்மையாரின் ஆராய்ச்சி வாழ்வு

உயிரினங்களின் உடல் ஒழுங்காக இயங்குவதற்கு இரு தொகுதிகள் துணைபுரிகின்றன. ஒன்று நரம்புத்தொகுதி, மற்றையது அகஞ்சுரக்குஞ் சுரப்பித்தொகுதி. நரம்பு, தந்தியைப் போலச் செய்தியைக் குறித்த இடத்துக்கு நொடிப்பொழுதிற் கொண்டுசெல்லும். சுரப்பியோ ஓமோன் எனப்படும் இரசாயனப் பொருளைக் குருதியிற் கலக்கவிடும். அப்பொருள் உடலெங்கும் பரந்து சென்று, தனக்குரிய உறுப்பை அடைந்து தொழிற்படும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விரண்டும் வெவ்வேறானவை என்றே அறிஞர் பலரும் கொண்டனர். ஒரு நரம்புக்கலமே சுரப்பிக்கலமாகவும் இருத்தல் கூடும் என்பது அன்று பொருந்தாக் கூற்றாகவே தோன்றியது. அக்கூற்றை மெய்யென நிலைநாட்டியவருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பேர்த்தா ஷாரர் அம்மையார்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 1ஆந் திகதி ஜேர்மனியின் மியூனிச் நகரில் நீதிபதி ஒருவரின் மகளாகப் பிறந்தார். இளமையிலேயே உயிரியலில் ஈடுபாடு கொண்டு, மியூனிச் பல்கலைக்கழகத்தில் கார்ல் வொன் பிரிஷ் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். தேனீக்களின் மொழியை ஆராய்ந்து 1973இல் நோபெல் பரிசு பெற்றவர் அவரே. தேனீக்கள் பல்வேறு வெல்லங்களின் சுவையை அறியுமாற்றை ஆராய்ந்து, அம்மையார் 1930இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதே ஆசிரியரிடம் பயின்ற ஏர்ன்ஸ்ற் ஷாரர் என்பவர், 1928இல் ஒரு சிறு நன்னீர் மீனின் மூளையை ஆராய்ந்தபோது, பரிவகக்கீழ் என்னும் பகுதியிலுள்ள சில நரம்புக்கலங்களிற் சுரப்பிக்கலங்களிற் காணப்படுவன போன்ற மணிகள் நிறைந்திருக்கக் கண்டார். இக்கலங்கள் ஓமோனைச் சுரப்பனவாகலாம் என்று அவர் எழுதியதை ஏற்றார் சிலரே. இறந்த கலத்தில் நேர்ந்த சிதைவு என்றும், சாயமூட்டும்போது உண்டான போலித்தோற்றம் என்றும் அதனைத் தள்ளினர் பலர். 1934இல் ஏர்ன்ஸ்றும் பேர்த்தாவும் மணம் புரிந்தனர். அதன்பின் இருவரும் விலங்குலகத்தைத் தமக்குள்ளே பங்கிட்டுக்கொண்டனர். முள்ளந்தண்டு விலங்குகளைக் கணவர் ஆராய, முள்ளந்தண்டில்லாதவை மனைவியின் பங்காயின. பிராங்க்போட் நகரிற் கணவருக்குப் பதவி இருந்தது. மனைவி ஊதியமின்றியே உழைத்தார். எனினும் கடல்வாழ் நத்தையினம், புழுவினம் ஆகியவற்றிலும் அத்தகைய சுரக்கும் நரம்புக்கலங்கள் உண்டென்பதைச் சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர் கண்டறிந்தார்.

நாற்சி ஆட்சியை மனம் பொறாத இத்தம்பதிகள் 1937இல் அமெரிக்கா சென்றனர். சிக்காகோ, நியூயோர்க், கிளீவ்லாந்து, டென்வர் எனக் கணவர் சென்ற இடமெல்லாம் மனைவியும் சென்றார். கணவன் மனைவி இருவரையும் ஒரே நிறுவனத்திற் பணிக்கமர்த்துவதை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல அக்காலத்தில் விரும்பவில்லை. ஆகவே அம்மையாருக்கு ஆய்வுகூடத்தில் இடமும் நுணுக்குக்காட்டியும் கிடைத்தனவேயன்றி ஊதியம் கிடைக்கவில்லை. விலங்குகளை வாங்கவும் பணமில்லை. விலைகொடாது பெறக்கூடிய உயிர் எதுவென நாடியவருக்கு அகப்பட்டது கரப்பான் பூச்சி. நியூயோர்க்கில், ஆய்வுக்கான குரங்குகளுடன் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு பெரிய கரப்பான் இனத்தை அவர் கண்டார். மந்தமாக நகரும் இயல்பினதாகையால், அதன்மீது சத்திரசிகிச்சை செய்தல் எளிதாயிற்று. பின்னர்ச் சென்ற ஊர்களுக்கெல்லாம் அவற்றையும் உடன்கொண்டு சென்றார்.

எள்ளத்தக்கதாகத் தோன்றும் இப்பூச்சியே ஐயத்தை நீக்கும் சான்றினை அளித்தது. கரப்பானின் மூளையிலுள்ள சில நரம்புக்கலங்களின் நீண்ட நார்கள், மூளைக்குப் பின்னாலுள்ள ஒரு சிறு உறுப்பிற் சென்று முடிகின்றன. அம்மையார் அந்நார்களை அறுத்துவிட்டுப் பொறுத்திருந்து பார்த்தார். மூளைப்பக்கத்து வெட்டுவாயிற் சுரப்புப்பொருள் தேங்கி நின்றது. அப்பாலிருந்த உறுப்பிலோ அது குறைந்துபோயிற்று. வாய்க்காலை மறித்தால் ஊற்று எப்பக்கத்திலுள்ளது என்பது புலப்படுமன்றோ! பொருள் மூளையில் ஆக்கப்பட்டு, நார்வழியே இறங்கி, அவ்வுறுப்பிற் சேமிக்கப்படுகின்றது என்பது 1952இல் வெளிவந்த இவ்வாராய்ச்சியாற் றெளிவாயிற்று.

இதன் சிறப்பு பூச்சியோடு அமையவில்லை. மனிதனிடத்தும் பரிவகக்கீழிலிருந்து நரம்புநார்கள் கபச்சுரப்பியின் பிற்பகுதிக்கு இறங்குகின்றன. இவ்விரு அமைப்புக்களும் ஒத்தவை என்பதை ஷாரர் தம்பதிகள் 1944இலேயே எடுத்துக்காட்டினர். 1949இல் ஜேர்மன் அறிஞர் பார்க்மான், புதிய சாயமுறையொன்றைக் கையாண்டு, முள்ளந்தண்டு விலங்குகளில் மூளையிலிருந்து கபச்சுரப்பி வரை அச்சுரப்புப்பொருள் தொடர்ந்து கிடப்பதைக் காட்டினார். நீரைச் சிறுநீரகத்தில் மீட்கச்செய்யும் வாசோபிரசினும், மகப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்கச்செய்யும் ஒட்சிற்றோசினும் கபச்சுரப்பியின் பிற்பகுதியில் ஆக்கப்படுவனவல்ல; மூளையில் ஆக்கப்பட்டு அங்கே களஞ்சியப்படுத்தப்படுவன என்ற முடிபை 1951இற் பார்க்மானும் ஏர்ன்ஸ்ற் ஷாரரும் கூட்டாக எழுதி விளக்கினர். உணர்ச்சியும் அச்சமும் உடலின் ஓமோன்களைப் பாதிக்குமாற்றை விளங்கிக்கொள்ள இவ்வறிவே வழிதிறந்தது.

1955இல் நியூயோர்க்கில் அல்பேட் ஐன்ஸ்ரைன் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, கணவர் உடலமைப்பியற் பகுதியின் தலைவரானார். அம்மையாரும் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். கலாநிதிப் பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே முழு ஊதியத்துடன் கூடிய அப்பதவி அவருக்குக் கிடைத்தது. 1963இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று. 1965இற் கணவர் கடலில் மூழ்கி இறந்தார். அத்துயரிடையேயும் அம்மையார் பகுதித் தலைமையைத் தற்காலிகமாக ஏற்று நடத்தினார். 1967இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். 1983ஆம் ஆண்டுக்குரிய தேசிய விஞ்ஞானப் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது. முதுமையில், நரம்புப் பொருள்களுக்கும் நோயெதிர்ப்புக்குமுள்ள தொடர்பை ஆராயத் தொடங்கி, 1995இல் இறக்கும்வரை நுணுக்குக்காட்டியை விட்டகலாதிருந்தார்.

கருவிக் குறைவையும் பொருட் குறைவையும் காட்டி ஆராய்ச்சியைக் கைவிடுவோர் உளர். அம்மையாரோ, கிடைத்த பூச்சியைக் கொண்டு கேட்கவேண்டிய வினாவைக் கேட்டார். எனினும், ஊதியமில்லா அவ்வாண்டுகளைத் தியாகமென்று புகழ்ந்தமைதல் மட்டும் போதாது. அவரைப்போல வசதியற்று உழைத்து, முடிவில் ஓய்ந்தகன்ற பெண்கள் எத்துணையர் என்பதையும் கல்வி நிலையங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.