சுவாசக் குழாயும் குருதி அமுக்கமும்

மூச்சுத் திணறி உயிருக்குப் போராடும் ஒருவரின் மூச்சுக்குழலினுள் வைத்தியர் குழாயொன்றைச் செலுத்திச் செயற்கைச் சுவாசம் அளிக்கிறார். உயிர்காக்கும் அச்செயலே குருதி அமுக்கத்தைச் சடுதியாக வீழ்த்திவிடுவதும் உண்டு. 29 நாடுகளில் ஏறத்தாழ 3,000 நோயாளரை அவதானித்து 2021 இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 43 பேரளவில் குருதிச் சுற்றோட்டம் நிலைகுலைந்தது. மூவரளவில் இருதயமே நின்றது.

கடும் நோயாளியின் உடல், நரம்புகளின் முழு முயற்சியால் குருதிக் குழாய்களை இறுக்கிப் பிடித்தே அமுக்கத்தைத் தாங்கி நிற்கிறது. மயக்க மருந்து அப்பிடியைத் தளர்த்துகிறது. இயல்பான மூச்சு குருதியை நெஞ்சினுள் ஈர்க்கும். இயந்திரம் செலுத்தும் காற்றோ நெஞ்சறையின் அமுக்கத்தை உயர்த்தி, இருதயத்துக்குத் திரும்பும் குருதியைக் குறைக்கிறது.

முன்கூட்டியே சேலைன் ஏற்றினால் என்னவென்று நேயர்கள் வினவக்கூடும். நியாயமான எண்ணமே; வைத்தியர் பலரும் நெடுங்காலம் அவ்வாறே செய்தனர். ஆயின் ஐக்கிய அமெரிக்காவில் 1,065 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2022 இல் வெளியான பரிசோதனையில், 500 மில்லிலீற்றர் ஏற்றும்படி விதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 21 பேருக்கும், மற்றையோருள் 18 பேருக்கும் சுற்றோட்டம் வீழ்ந்தது. இவ்வேறுபாடு தற்செயலாயும் நேரக்கூடியதே. எனினும் பயன் எதுவும் புலப்படவில்லை. குருதி இழந்தோர், நீர்வற்றியோர் நிலை வேறு. அவர்களுக்கு அது வேண்டியதே.

ஏனையோருக்கு வைத்தியர் செய்யக்கூடியவை எளியவை: மயக்க மருந்தை நோயாளியின் நிலையறிந்து தெரிந்து அளவோடு கொடுத்தல், குழாய்களை இறுக்கும் நோரதிரனலினைக் கைக்கெட்டும் இடத்தில் ஆயத்தமாய் வைத்தல், காற்றை மெல்லச் செலுத்துதல், அந்த நிமிடங்களில் அமுக்கத்தை மட்டுமே நோக்கியிருக்க ஒருவரை நியமித்தல்.