தைராய்டு சுரப்பியும் உடலின் சமநிலையும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கிழக்கே சென்றால் கேளம்பாக்கம் வரும். அதனைக் கடந்து கோவளத்தை அடையும் வழியில் காயல் நீரும், நெடுங்காலம் உப்பு விளைந்த பாத்திகளும் கண்ணில் படும். ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் ‘சஆதத் பந்தர்’ எனப் பெயர் பெற்றிருந்த துறைமுகமே இக்கோவளம். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவை நாடி நம்மில் பலர் அவ்வழியே சென்றிருப்போம். கடல்நீரில் அயோடின் உண்டு. ஆனால் அந்நீர் வெயிலில் வற்றிப் படியும் உப்பில் அது மிகச் சிறிதளவே தங்குகிறது. கழுத்தின் முன்புறம் அமைந்த ஒரு சிறு சுரப்பிக்கோ அயோடின் இன்றியமையாதது. அதுவே தைராய்டு.

இன்று பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை இரத்தப் பரிசோதனை நிலையம் இல்லாத கடைத்தெரு அரிது. ‘எனக்குத் தைராய்டு இருக்கிறது’ என்று சொல்லும் பெண்கள் இல்லாத குடும்பமும் அரிதாகி வருகிறது. உண்மையில் தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது; அதன் சுரப்பு அளவில் கூடுவதும் குறைவதுமே நோய். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, அவர்களுள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்ததைக் காட்டியது. அவர்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவர், பரிசோதிக்கும் வரை தம் நோயை அறியாதிருந்தனர். நம் கவலைக்குரியோர் இவர்களே. சோர்வு, மலச்சிக்கல், உலர்ந்த தோல், முடி உதிர்தல், மறதி, மாதவிலக்கில் மாறுதல் ஆகியவை மெல்ல மெல்லத் தோன்றுவதால், ‘வயதாகிவிட்டது’ என்றோ ‘சோம்பல்’ என்றோ வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். நோயுற்ற பெண்ணும் அதனை நம்பிவிடுகிறாள்.

சுரப்பியின் பணி

வண்ணத்துப்பூச்சி வடிவிலான இச்சுரப்பி, வளர்ந்தோரிடம் ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் எடையுடையது. இது சுரப்பதில் பெரும்பகுதி, நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட தைராக்சின் என்னும் டி4. கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் அதிலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி, வீரியம் மிக்க டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. டி3 உயிரணுவின் உட்கருவினுள் சென்று, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. உயிரணு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிட வேண்டும், எவ்வளவு வெப்பத்தை உண்டாக்க வேண்டும் என்பன இவ்வாறே அமைகின்றன. உண்ட உணவு ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாறும் இந்நிகழ்வுகளின் தொகுதியையே வளர்சிதை மாற்றம் என்கிறோம்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனைக் கொண்டு தைராய்டை ஏவுகிறது. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் ஏவல் மிகும். கூடினால் ஏவல் அடங்கும். ஆகவே பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். கூடியிருப்பது பொதுவாகத் தைராய்டு சுணங்கியிருப்பதன் அறிகுறி. பலர் இதனைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதால் இங்கே விளக்க நேர்ந்தது.

மருத்துவ வரலாற்றில்

கழுத்துக் கழலை பற்றிய அறிவு பழமையானது. குர்துபாவைச் சார்ந்த அறுவை மருத்துவ மேதை அல்-ஸஹ்ராவி (மறைவு கி.பி. 1013), தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் தொண்டையில் தோன்றும் இவ்வீக்கத்தை விவரித்து, இது பெண்களிடமே மிகுதி என்று குறித்துள்ளார். இன்றைய கணக்கும் அதையே சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் மருத்துவக் களஞ்சியம் வரைந்த இஸ்மாயீல் அல்-ஜுர்ஜானி, கழலையையும் கண் பிதுங்குதலையும் இணைத்துக் கண்டவர் என மருத்துவ வரலாற்றாசிரியர்கள் போற்றுவர். 1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்திச் சுரப்புக் குறைவு நோயைக் குணப்படுத்தினார். 1914இல் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார்.

பன்றியின் தைராய்டிலிருந்து செய்யப்படும் மருந்தும் உலகில் உண்டு. அதனைக் கேள்வியுற்ற சிலர், நாம் உட்கொள்ளும் மாத்திரையையும் ஐயுறுகின்றனர். நம் ஊர் மருந்துக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் லெவோதைராக்சின், வேதியியல் முறையில் ஆக்கப்பட்ட ஹார்மோன் ஆகும், விலங்கிலிருந்து எடுக்கப்பட்டதன்று.

கொழுப்பும் சர்க்கரையும் எடையும்

இரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொழுப்பைக் கல்லீரல் தன்னுள் இழுத்துக்கொள்வதற்கு வாயில்கள் உண்டு. அவ்வாயில்களைப் பெருக்குவது தைராய்டு ஹார்மோன். அது குறையும்போது வாயில்களும் குறைகின்றன. கொழுப்பு இரத்தத்திலேயே தேங்குகிறது. உணவைக் குறைத்தும் கொழுப்பு இறங்காதவரின் தைராய்டையும் மருத்துவர் சோதிப்பது இதனால்தான். சுரப்புக் குறைவைச் சரிசெய்யாமல் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மட்டும் கொடுத்தால், தசைவலி தோன்றும் வாய்ப்பும் மிகுகிறது.

நீரிழிவுடன் இதற்குள்ள தொடர்பு சிக்கலானது. சுரப்பு குறைந்தால் இன்சுலினுக்குத் தசைகள் இணங்குவது குறையும். அதே வேளையில் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதும், உடல் இன்சுலினைக் கழிப்பதும் மந்தமாகும். எனவே இன்சுலின் போட்டுக்கொள்வோருக்குச் சர்க்கரை எதிர்பாராமல் தாழக்கூடும். சுரப்பு மிகுந்தாலோ சர்க்கரை ஏறும். நீரிழிவு மலிந்த நம் சமுதாயத்தில் இவ்விரண்டையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

எடையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சுரப்புக் குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீருமே. இருபது கிலோ கூடியதற்குத் தைராய்டை மட்டும் குற்றஞ்சாட்ட இயலாது. மேலும், உடற்பருமனே டி.எஸ்.எச். அளவைச் சற்று உயர்த்துவதுண்டு. எடை குறைந்தால் அதுவும் இறங்கும். ஆகையால் தைராய்டு மாத்திரை மெலிவதற்கான மருந்தன்று. அளவுக்கு மீறி உட்கொண்டால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு தேயும்.

உப்பும் அளவும்

1962இல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கு 1997இல் தடை வந்தது; 2000இல் நீங்கியது; 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2018-19ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் ஏறத்தாழ 76 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 62 விழுக்காடே. உப்பு விளைவிப்பதில் முன்னிற்கும் மாநிலத்தின் நிலை இது! வளர்ந்தோருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின். கருவுற்ற தாய்க்கு 250. கருவின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் தைராக்சினையே நம்பியிருப்பதால், கர்ப்பிணிக்கு இதில் அலட்சியம் கூடாது.

எனினும் ஏற்கெனவே நோயுற்றோருக்கு உப்பு மருந்தாகாது. அயோடின் கிடைக்கும் நகரங்களில் சுரப்புக் குறைவுக்கு முதன்மைக் காரணம், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதாகும். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய் இது. இதற்கு அயோடினை மிகுதியாக உண்பதாலும் பயனில்லை. அயோடின் உப்பை விலக்குவதாலும் நோய் தீராது. குறைந்த ஹார்மோனை அளவறிந்து ஈடுசெய்வதே வழி.

ரமளானில் மாத்திரை

லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் நீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை உணவின்றி இருக்க வேண்டும். காபி, பால் ஆகியவை அது உடலில் சேர்வதைத் தடுக்கும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆண்டு முழுதும் காலையில் மாத்திரை உண்டு பழகியவர்கள், ரமளான் பிறந்ததும் தடுமாறுகின்றனர். ஸஹர் உணவோடு சேர்த்து விழுங்குவோரும், நோன்புக் கஞ்சியோடு விழுங்குவோரும், ‘ஒரு மாதம்தானே’ என நிறுத்திவிடுவோரும் உளர். தைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆதலால் ஒரு நாள் தவறினால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு மாதம் தவறினால் பெருநாளுக்குப் பின் உடல் அதன் விலையைக் கொடுக்க நேரும்.

இதற்கு வழிகள் உண்டு. ஸஹர் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரே எழுந்து மாத்திரை உண்டு, பின் தஹஜ்ஜுத் தொழுது, அதன்பின் உண்ணலாம். அல்லது தராவீஹ் முடிந்து உறங்கச் செல்கையில், கடைசியாக உண்டு மூன்று மணி நேரம் கழிந்தபின் உட்கொள்ளலாம். எது தமக்கு இயலுமோ அதனை மருத்துவரிடம் கேட்டு, மாதம் முழுதும் அவ்வொரு முறையையே பின்பற்றுவது நலம். முறை மாறிய சில வாரங்களுக்குப் பின் டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ளலாம். சுரப்பு மிகுந்து இதயம் படபடப்போரும், நீரிழிவும் உடனுள்ளோரும், கருவுற்றோரும் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் காண்பது அவசியம். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை, தேவைப்படுவோர் தயங்காது ஏற்க வேண்டிய இறையருள்.

அர்ரஹ்மான் அத்தியாயம் வானத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே தராசையும் பேசுகிறது. அத்தராசின் ஒரு சிறு சாட்சி நம் கழுத்திலும் வைக்கப்பட்டுள்ளது. அது கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. ஊகத்தால் அறிய இயலாது, அளந்தே அறிய வேண்டும். நம் வீட்டில் நெடுநாளாகச் சோர்ந்திருக்கும் தாயையோ சகோதரியையோ குறைசொல்லும் முன், ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். அமானிதமாகத் தரப்பட்ட உடலுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமைகளுள் அதுவும் ஒன்று.