'பார்மட் போட்டுவிடலாமா?'

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாகப் பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பதை வாசகர்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் சபையில் அமரலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. குடத்தில் இட்ட ஓலைகள் இன்று இல்லை. கல்லில் வெட்டிய விதிகளோ ஆயிரத்து நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. எதை ஓலையோடு விடுவது, எதைக் கல்லில் ஏற்றுவது என்று அவ்வூரார் முன்கூட்டியே முடிவு செய்திருந்தனர்.

நம் இல்லங்களில் இம்முடிவை எடுப்பவர் யார்? பெரும்பாலும் கணிப்பொறி பழுதுபார்க்கும் கடைக்காரத் தம்பிதான்! "விண்டோஸ் போய்விட்டது, பார்மட் போட்டுவிடலாமா?" என்று அவர் கேட்கிறார், நாமும் தலையசைத்து விடுகிறோம். மகளின் நிக்காஹ் படங்களும், மறைந்துபோன பாட்டியாரின் குரல் பதிவும் அந்த ஒரு தலையசைப்பில் அடங்கியிருப்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

விண்டோஸ் கெட்டுப்போவது வேறு, நம் கோப்புகள் கெட்டுப்போவது வேறு. கணிப்பொறி இயங்க மறுத்தாலும், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மற்றொரு கணிப்பொறியில் இணைத்தால் படங்களையும் கடிதங்களையும் பெரும்பாலும் அப்படியே பிரதி எடுத்துவிடலாம். அதைச் செய்தபின் பார்மட் செய்யும்படி கடையில் கேளுங்கள். அரை நாள் கூடுதலாகும், ஆகட்டுமே.

கேளாமலே பார்மட் செய்துவிட்டால்? அப்போதும் உடனே மனம் தளர வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கை ஒரு நூலகமாக எண்ணிக்கொள்ளுங்கள். விரைவு பார்மட் முறையில், எந்த நூல் எந்த அலமாரியில் உள்ளது எனக் கூறும் அட்டவணைதான் கிழிக்கப்படுகிறது. நூல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அவ்விடம் காலி எனக் கருதிக் கணிப்பொறி அங்கே புதியவற்றை எழுதத் தொடங்கும். ஆகவே அந்த நொடியிலேயே கணிப்பொறியை நிறுத்திவிட வேண்டும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவது, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதுவதாகிவிடும். மீட்ட கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். 'டக், டக்' என்று சத்தம் வந்தால் மென்பொருள் எதையும் முயலாதீர்கள். உள்ளிருக்கும் கருவி பழுதாகியிருக்கலாம், அதை நிபுணர்தாம் திறக்க வேண்டும்.

விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு முழு பார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. அதிலிருந்து மீட்சி இல்லை. புதிய மடிக்கணினிகளிலுள்ள எஸ்.எஸ்.டி.யிலும், அழித்தவை விரைவிலேயே முற்றாகத் துடைக்கப்பட்டுவிடும்.

'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் திரைப்படம் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் தயாராகி வந்த நேரம். 1998ஆம் ஆண்டில் யாரோ தவறாக இட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கணிப்பொறிகளிலிருந்து அழிந்தது. பாதுகாப்புப் பிரதியைத் தேடினால், அதுவும் சரிவரப் பதிவாகவில்லை! கேலின் சஸ்மன் என்ற பெண்மணி குழந்தை பெற்று வீட்டிலிருந்தபடியே பணிபுரிந்து வந்தார். அவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிப் பத்திரமாக அலுவலகத்துக்குக் கொண்டு சென்றார்களாம். எத்தனையோ நிபுணர்கள் நிறைந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது ஒரு தாயின் வீடு.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்றாவது வேறு கூரையின் கீழ் என்று நிபுணர்கள் கூறுவதன் காரணம் இதுவே. சென்னையிலுள்ள தம்பி வீட்டு அலமாரியும் வேறு கூரைதான். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பிரதிகளைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை நம்ப முடியாது.

பெட்டியில் உறங்கும் பழைய சி.டி.க்களையும் மறந்துவிடாதீர்கள். வீட்டில் பதிவு செய்த சி.டி.யின் சாயம் காலப்போக்கில் மங்கக்கூடியது. திருமண வீடியோ கேசட்டின் நிலையோ இன்னும் அவசரமானது. அதை ஓட்டும் வி.சி.ஆர். கருவியின் உற்பத்தி 2016இலேயே உலகில் நின்றுவிட்டது. ஓடும் நிலையில் ஒரு கருவி உறவினர் எவரிடமேனும் இருக்கிறதா என்று இவ்வாரமே விசாரியுங்கள்.