பல்லைத் தாங்கும் கால் மில்லிமீட்டர்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கத்தரி கைக்கு எட்டாதபோது பிசிர் நூலைப் பல்லால் கடித்து அறுப்பவர்கள் உண்டு. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் முன்பல்லின் விளிம்பில் சிறு பள்ளம் விழும். தையல்காரர்களிடம் காணும் தேய்மானமாகப் பல் மருத்துவ நூல்களே இதைக் குறிப்பிடுகின்றன. தேய்வது எனாமல். இழுவையைத் தாங்குவது வேறொன்று.

பல்லின் வேர் தாடை எலும்போடு ஒட்டியிருப்பதாகத்தான் நினைக்கிறோம். நலமான வாயில் இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளி. அது முழுக்கக் கொலாஜன் நார்கள். நாரின் ஒரு முனை வேரைப் போர்த்திய சிமெண்டத்தில் புதைந்திருக்கும், மறுமுனை எலும்புக் குழியின் சுவரில். புதைந்த முனைகளுக்கு ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் வில்லியம் ஷார்ப்பியின் பெயர். பெரும்பாலான நார்கள் சாய்வாக ஓடுவதால், முறுக்கைக் கடிக்கும்போது பல் குழிக்குள் இறங்கி எலும்பில் இடிப்பதில்லை, நார்களில் தொங்குகிறது. சும்மா இருக்கையில் இந்த நார்கள் அலையலையாகக் கிடக்கும். இழுபட்டால் நிமிரும், விட்டால் சுருங்கும். பின்னலாடை தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சோற்றில் கிடக்கும் பொடிக்கல்லைக்கூடப் பல் உடனே கண்டுகொள்வது இந்த நார்களுக்கிடையே உள்ள நரம்பு முனைகளால்தான். எலும்போடு நேரே பிணையும் செயற்கைப் பல்வேருக்கு அந்த நுட்பம் கிடையாது. உடலில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் கொலாஜன்களில் இந்த நார்களின் கொலாஜனும் ஒன்று. அதற்கு வைட்டமின் சி வேண்டும். அந்தக் காலத்துக் கடலோடிகளுக்கு ஸ்கர்வி வந்தபோது பற்கள் ஆடி விழுந்ததற்குக் காரணம் அந்த வைட்டமின் கிடைக்காததே.

இத்தனைக்கும் காவல் ஈறு. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளம் 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கலாம். அங்கே கிருமிப் படலம் தங்கினால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும். கவனிக்காவிட்டால் பள்ளம் ஆழமாகி, நார் அறுந்து, எலும்பும் கரையும். பெரும்பாலும் வலிக்காது, கெட்ட செய்தியே அதுதான். முற்றிய ஈறு நோய் உலகில் 100 கோடிப் பேருக்கு மேல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. கட்டுப்படாத சர்க்கரை நோய் இதை வேகப்படுத்தும். பீடி, சிகரெட் இன்னும் மோசம்: நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கசிவு குறையும், ஈறு நன்றாக இருப்பதாக ஆளை ஏமாற்றும். கன்னத்தில் அதக்கும் புகையிலையோ, வைத்த இடத்திலேயே ஈறை இறக்கிவிடும்.

“பல்லைச் சுத்தம் செய்தால் ஆட ஆரம்பித்துவிடும்” என்ற பேச்சை நம்பாதீர்கள். பற்காரை அடைத்திருந்த இடம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. ஆட்டம் ஏற்கெனவே இருந்தது. கரைந்த எலும்பு தானாக வளராது. பிரஷ்ஷில் ரத்தம் தெரிந்தால் அடுத்த விடுமுறையிலேயே பல் மருத்துவரைப் பாருங்கள்.