தீக்காயக் களிம்பில் கரையாத வெள்ளி

பட்டாசு மருந்து கலப்பதும் செலுத்துவதும் அன்றாட வேலையாக உள்ள சிவகாசி வட்டாரத்தில், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற பெருவிபத்துகளே நாடறிந்த செய்தியாகின்றன. ஆயினும் சிறு உராய்வில் எழுந்த தீயால் கையும் முகமும் வெந்துபோன தொழிலாளிக்கும் பல வாரச் சிகிச்சை தேவைப்படலாம். அத்தகைய காயங்களுக்கு இந்திய மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பூசப்பட்டுவரும் வெள்ளைக் களிம்பில் நூற்றுக்கு ஒரு பங்கு சில்வர் சல்ஃபாடயசின் உள்ளது.

மருந்தை ஒரேயடியாக அன்றிச் சிறுகச் சிறுக நெடுநேரம் வெளிவிடுமாறு அமைப்பது கட்டுப்படுத்தப்பட்ட வெளியீடு எனப்படும். அதை வடிவமைப்போர், மருந்து நீரில் எவ்வளவு கரையும், உடலின் எப்பகுதியில் உறிஞ்சப்படும், எவ்வளவு விரைவில் வெளியேறும் என்பனவற்றையே முதலில் ஆராய்கின்றனர். எளிதில் கரைந்து சிறுகுடலின் மேற்பகுதியிலேயே பெரிதும் உறிஞ்சப்படும் மெட்ஃபார்மினுக்கு, நீர்பட்டுக் கூழாகப் பருத்து மெல்லக் கசியும் மாத்திரை தேவைப்பட்டது. அவ்வெள்ளைக் களிம்பிலுள்ள வெள்ளிக்கோ கரைதிறனைக் குறைத்ததே போதுமானதாயிற்று.

1965-இல் அமெரிக்க மருத்துவர் கார்ல் மோயர் பரிந்துரைத்த 0.5 விழுக்காடு சில்வர் நைட்ரேட் கரைசலில் வெள்ளி முழுவதும் கரைந்து அயனியாக, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுவாக, நின்றமையால், அது கிருமிகளைக் கொன்றதோடு காயநீரிலுள்ள குளோரைடுடன் சேர்ந்து வீழ்படிவாகி விரைவில் செயலிழந்தது. ஆகவே காயத்தின் மேலிட்ட கட்டுத்துணியை ஓயாது நனைக்க நேர்ந்தது. உப்புக் குறைந்த அக்கரைசல் நோயாளியின் உடலிலிருந்த சோடியத்தைக் காயத்தின் வழியே இழுத்துக்கொண்டது. தோலும் படுக்கைவிரிப்பும் கறுத்தன. 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளியைச் சல்ஃபாடயசினுடன் பிணைத்து, நீரில் அரிதாகவே கரையும் சேர்மமாக்கினார். காயநீரின் உப்பும் புரதமும் அதிலிருந்து வெள்ளியைச் சிறிது சிறிதாக ஈர்த்தெடுப்பதால், மேலுறையோ சவ்வோ இன்றி அதன் துகளே மருந்துக் கிடங்காகிறது.

எனினும் காயநீரோடு கலந்து படலமாக உறையும் இக்களிம்பை நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ துடைத்து மீண்டும் பூசவேண்டியுள்ளது. கட்டு பிரிக்கும் வேளையில் நோயாளி படும் வேதனையைக் கண்டோர் இதைச் சிறு குறையெனக் கருதமாட்டார். பின்னர் வந்த நுண்படிக வெள்ளிக் கட்டுத்துணிகளில், படிகம் மிகச் சிறிதாகியமையால் வெளிப்பரப்பு பெருகி, வெள்ளி தொடர்ந்து வெளிப்படுகிறது. வகைக்கேற்ப அவற்றை 3 முதல் 7 நாள்வரை மாற்றாது விடலாம். களிம்பிலிருந்து விடுபடும் சல்ஃபாடயசினையும் கருத வேண்டியிருப்பதால், சல்ஃபா ஒவ்வாமை உடையோருக்கு அக்களிம்பு தவிர்க்கப்படுகிறது. மஞ்சள் காமாலைக்குக் காரணமான நிறமியைப் புரதத்திலிருந்து சல்ஃபாடயசின் விடுவிக்கக்கூடும் என்பதால், பிறந்து 2 மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் பூசப்படுவதில்லை.